ஃபிக்மா கைவந்துவிட்டது, டிசைன் வரவில்லையே?

ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

“வயது 33. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு வருடமாக வாடிக்கையாளர் சப்போர்ட் வேலை. எங்கள் ஆப்பில் நேரம் முன்பதிவு செய்கிறவர்கள் போன் செய்தால் பதில் சொல்வது, டிக்கெட் போடுவது (அதாவது புகாரைப் பதிவு செய்வது), பிரச்சினை தீர்ந்ததா என்று பார்ப்பது, இவ்வளவுதான். பாதி அழைப்புகள் ‘பதிவு ஆனதா, ஆகவில்லையா’ என்று கேட்டே வருகின்றன. அலுத்துவிட்டது. யூஐ (ஸ்க்ரீனின் தோற்றம்), யூஎக்ஸ் (பயன்படுத்துகிறவரின் அனுபவம்) டிசைன் பக்கம் போகலாம் என்று எட்டு மாதமாக இரவில் வீடியோ பார்த்துப் படிக்கிறேன். ஸ்க்ரீன் வரையும் மென்பொருளான ஃபிக்மா நன்றாக வருகிறது. பிரபலமான ஆப்களின் ஸ்க்ரீன்களை அப்படியே போட்டுப் பழகினேன். மூன்று ஆப்களை என் விருப்பப்படி மாற்றி அமைத்து, செய்த வேலைகளைக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் வைத்தேன். விண்ணப்பித்த ஓர் இடத்திலிருந்தும் அழைப்பு இல்லை. சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று வெற்று ஸ்க்ரீனைத் திறந்தால் ஒன்றுமே தோன்றுவதில்லை. எனக்கு ஓவியமும் வராது, கோடிங்கும் தெரியாது. ஒரு பயிற்சி நிறுவனம், வேலையை விட்டுவிட்டு ஆறு மாத முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் சான்றிதழும் நூறு சதவீத வேலை உத்தரவாதமும் தருவதாகச் சொல்கிறது. கட்டணத்துக்குக் கடனும் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். கணவர் ‘யோசித்துச் செய்’ என்கிறார். யூஐ மட்டும் படித்தால் போதுமா? ஏஐ வந்தபின் இந்த வேலை இருக்குமா? எங்கள் ஆபீசிலேயே டிசைன் குழு உண்டு, ஆனால் போய்க் கேட்கக் கூச்சம். நான் என்ன செய்யட்டும்?”

வணக்கம்.

வேலையை விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம் நின்றுவிடும் என்பது ஒரு காரணம், ஆனால் அது இரண்டாவது காரணம்தான். இந்தத் துறைக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு உண்மையான பயனர்கள் கிடைப்பதில்லை. ஒரு பொருளை நிஜமாகவே பயன்படுத்தி, நிஜமாகவே தடுமாறி நிற்கும் மனிதர்களைத் தேடி அலைகிறார்கள். கிடைக்காமல் போகவே நண்பர்கள் நாலு பேருக்கு ஒரு கேள்விப் படிவத்தை அனுப்பிவிட்டு, அதையே ஆராய்ச்சி என்று போர்ட்ஃபோலியோவில் எழுதுகிறார்கள். உங்களுக்கோ அப்படிப்பட்ட மனிதர்கள் தாமாகவே போன் செய்து, எங்கே மாட்டிக்கொண்டோம் என்று விளக்கிச் சொல்கிறார்கள். ஆறு வருடமாக! அதை ‘இவ்வளவுதான்’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டீர்கள்.

வெற்று ஸ்க்ரீன் உங்களை மிரட்டுவதற்கும் திறமைக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தயாரான ஸ்க்ரீன்களைப் பார்த்துப் போடுவது, சிறுவயதில் ஏட்டில் அச்சிட்ட எழுத்தின் மேலேயே எழுதிப் பழகியதைப் போன்றது. கை பழகும், அது தேவையும்கூட. என்ன எழுதுவது என்பது மட்டும் அதில் வராது. எந்த டிசைனரும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்ய முயன்று முடியாமல் நிற்கிறார் என்பதிலிருந்துதான் தொடங்குகிறோம். உங்களிடம் கருவி இருக்கிறது, கேள்வி மட்டும் இல்லாமல் இருந்தது. அந்தக் கேள்வியையும் கடிதத்தில் போகிறபோக்கில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

‘பதிவு ஆனதா, ஆகவில்லையா?’

இந்த ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். வீடியோ பார்த்துப் பழகிய கை உடனே என்ன செய்யும்? ‘வெற்றிகரமாகப் பதிவானது’ என்று பச்சை நிறத்தில், பெரிய டிக் குறியோடு, அழகாக ஓர் ஸ்க்ரீன் போடும். கொஞ்சம் பொறுங்கள். அந்த டிக்கெட்டுகளில் ஒரு முப்பது நாற்பதை எடுத்து, பெயர், எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி மேஜையில் பரப்புங்கள். அழைத்தவர் சரியாக எந்த இடத்தில் சந்தேகப்பட்டார் என்று மட்டும் பார்த்துப் பிரியுங்கள்.

உங்கள் ஆப்பை நான் பார்த்ததில்லை. ஆனால் இந்த வகைப் புகார் வருகிற இடங்களில் வழக்கமாக மூன்று குவியல்கள் விழும். முதல் குவியலில் இருப்பவர்கள் பட்டனை அழுத்தியதும் எதுவும் மாறாததால் மறுபடி அழுத்தியவர்கள். இரண்டாவதில் இருப்பவர்கள், ஏதோ ஒரு செய்தி வந்தது, படிப்பதற்குள் மறைந்துவிட்டது என்பவர்கள். மூன்றாவது குவியலில் எல்லாமே சரியாக நடந்திருக்கும். மறுநாள் காலை, நேற்றுப் பதிவு செய்தோமே, எத்தனை மணிக்கு என்று பார்க்கத் திரும்பி வந்தால் எங்கே பார்ப்பது என்றுதான் தெரிந்திருக்காது.

புகார் ஒன்று, பிரச்சினை மூன்று. பச்சை ஸ்க்ரீன் இரண்டாவது குவியலுக்கு ஓரளவு உதவலாம். முதல் குவியலுக்கு வேண்டியது, அழுத்திய கணமே பட்டன் நிலை மாறுவதும், வேலை நடந்துகொண்டிருக்கும்போது மறுபடி அழுத்த முடியாமல் இருப்பதும். இங்கே பழைய கணக்கு ஒன்று இன்றும் உதவும். 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுவதில்லை. 10 விநாடி தாண்டினால் ஆள் வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். இரண்டு முறை அழுத்தினாலும் ஒரே பதிவாகத்தான் விழ வேண்டும் என்பதை ஸ்க்ரீனில் மட்டும் தீர்க்க முடியாது. அது டெவலப்பர் சர்வரில் செய்ய வேண்டிய வேலை. மூன்றாவது குவியலுக்கு ‘என் பதிவுகள்’ என்று முகப்பிலேயே கண்ணில் படுகிற ஓர் இடம் வேண்டும். சிலருக்கு ஸ்க்ரீனே வேண்டியிருக்காது, தேதியும் நேரமும் போட்ட ஒரு குறுஞ்செய்தி போதும்.

இந்த இடத்தில் 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலையில் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திறந்த வால்வு ஒன்று மூடிக்கொள்ளாமல் சிக்கி நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கோ, மூடச் சொல்லி உத்தரவு போய்விட்டது என்பதை மட்டும் காட்டியது. உண்மையில் மூடியதா என்பதைக் காட்டவில்லை. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டே இருந்தது. பிற்பாடு அந்தக் கட்டுப்பாட்டு அறையை ஆராய அழைக்கப்பட்டவர்களில் டான் நார்மனும் ஒருவர். இன்று யூஎக்ஸ் படிக்கிற எல்லோரும் முதலில் கேள்விப்படுகிற அதே நார்மன்தான். உங்கள் ஆப்பின் செய்தியையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். அது ‘அனுப்பினோம்’ என்று சொல்கிறதா, ‘பதிவாகிவிட்டது’ என்று சொல்கிறதா? டெவலப்பரிடம் கேட்டால் தெரிந்துவிடும். பல ஆப்களில் முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

டிக்கெட்டுகளை நம்பும்போது ஓர் எச்சரிக்கை. போன் செய்தவர்கள் மட்டுமே அதில் இருக்கிறார்கள். சலித்துப்போய் ஆப்பை நீக்கிவிட்டு அமைதியாகப் போனவர்கள் எந்த டிக்கெட்டிலும் இல்லை. அதனால் குவியல்கள் பிரிந்தபிறகு, ஆப்பை இதுவரை பார்த்திராத நாலைந்து பேரை ஒவ்வொருவராக உட்கார வைத்து, ‘நாளை மறுநாளைக்கு ஒரு நேரம் பதிவு செய்யுங்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்’ என்று கேளுங்கள். ஏன் நாலைந்து பேர் என்றால், பயன்பாட்டு ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் போட்ட கணக்குப்படி, ஒருவரிடம் சராசரியாக 31% பிரச்சினைகள் வெளிப்படுமானால் 5 பேரிடம் ஏறக்குறைய 85% வெளிப்பட்டுவிடும். இது சராசரிதான், சட்டம் அல்ல. முற்றிலும் வேறுபட்ட இரண்டு வகைப் பயனர்கள் இருந்தால் இரண்டு வகையிலும் ஆட்கள் வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு தனிச் சிரமம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆறு வருடமாக உங்கள் வேலை, தடுமாறுகிறவரைக் கைபிடித்துக் கரையேற்றுவது. சோதனையின்போது அது கூடாது. அவர் தப்பான பட்டனைத் தேடும்போது உங்கள் வாய் தானாகத் திறக்கும். மூடிக்கொள்ளுங்கள். ‘இப்போது என்ன நினைக்கிறீர்கள்?’ என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்காதீர்கள். சப்போர்ட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஃபிக்மாவைவிடக் கஷ்டமான பாடம் இதுதான்.

யூஐ மட்டும் போதுமா?

மேலே செய்ததையே திரும்பிப் பாருங்கள். குவியல் பிரித்தது யூஎக்ஸ், பட்டனின் நிலைகளை வரைந்தது யூஐ என்று கோடு போடலாம்தான். ஆனால் பட்டன் எப்போது மாற வேண்டும் என்ற முடிவு குவியலிலிருந்து வந்தது. செய்தி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதும் அங்கிருந்துதான் வந்தது. இரண்டையும் இரண்டு வருடப் பாடமாகப் பிரித்து, முதலில் இது, அப்புறம் அது என்று படிக்க முடியாது. பெரிய நிறுவனங்களில் ஆராய்ச்சிக்குத் தனி ஆள், காட்சிக்குத் தனி ஆள் இருப்பார்கள். ஆரம்ப நிலை வேலை பெரும்பாலும் இரண்டும் கலந்தே வரும்.

நார்மனும் நீல்சனும் யூஎக்ஸ் என்பதற்குத் தரும் விளக்கம் உங்களுக்குப் பிடிக்கும். நிறுவனத்தோடும் அதன் சேவையோடும் பொருளோடும் பயனருக்கு ஏற்படுகிற எல்லாத் தொடர்பும் அதற்குள் வருகிறது. அந்தக் கணக்கில், நீங்கள் போன் எடுத்துப் பேசுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஓவியம் வேண்டாம். கட்டமும் அம்பும் எழுத்தும் போடத் தெரிந்தால் காகிதத்தில் வயர்ஃப்ரேம், அதாவது ஸ்க்ரீனின் கோட்டு வரைவு, போடலாம். சொல்லப்போனால், அசிங்கமான காகிதப் படத்தைக் காட்டும்போதுதான் மற்றவர்கள் தயங்காமல் குறை சொல்கிறார்கள். கோடிங்கும் கட்டாயமில்லை. ஆனால் வலைப்பக்கங்களை அமைக்கும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் இரண்டிலும் அடிப்படையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி எப்படி உட்காருகிறது, ஸ்க்ரீன் சிறிதானால் எது கீழே இறங்குகிறது என்பது புரிந்தால் பெட்டிகளைத் தானாக அடுக்கும் ஃபிக்மாவின் ஆட்டோ லேஅவுட்டும் புரியும். டெவலப்பர் ‘இது முடியாது’ என்றால் அது உண்மையா சோம்பலா என்றும் கண்டுபிடிக்கலாம்!

மனப்பாடம் செய்த விதிகள்

‘மெனுவில் ஏழுக்கு மேல் இருக்கக் கூடாது’, ‘எதுவும் மூன்று கிளிக்கில் கிடைக்க வேண்டும்’ என்று படித்ததைக் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் இறக்கிவைத்துவிடுங்கள். ஏழு என்ற எண் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. அது பேசுவது, மனதில் ஒரே நேரத்தில் எவ்வளவு பிடித்துவைக்க முடியும் என்பதைப் பற்றி. மெனு கண்ணெதிரே இருக்கிறது, அதை யாரும் மனதில் பிடித்துவைக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வரிகளும் தெளிவாகப் பெயரிட்டு, சரியாகக் குழுவாகப் பிரிந்திருந்தால் ஒருவரும் திணற மாட்டார்கள். மூன்று கிளிக் கதையும் அப்படித்தான். ஒவ்வொரு கிளிக்கிலும் சரியான வழியில் போகிறோம் என்ற நம்பிக்கை இருந்தால் ஐந்தாவது கிளிக்கையும் பொறுத்துக்கொள்வார்கள். நம்பிக்கை போனால் இரண்டாவதிலேயே எழுந்துவிடுவார்கள்.

நீல்சன் 1994இல் ஒழுங்குபடுத்திய பத்துக் கோட்பாடுகள் மட்டும் இன்றும் உழைக்கின்றன. மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் டிக்கெட் சீட்டு ஒவ்வொன்றின் பின்பக்கமும் அந்தப் பத்தில் எது மீறப்பட்டது என்று எழுதிப் பாருங்கள். ‘என்ன நடக்கிறது என்று பயனருக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்’ என்ற முதல் கோட்பாடு உங்கள் மேஜையில் நிறையவே விழும் என்று நினைக்கிறேன்.

கண்ணைப் பழக்குவது

காட்சி வடிவமைப்பில் நீங்கள் பயப்படுகிற பகுதி ரசனை. நான் கவலைப்படுகிற பகுதி அளவு. ரசனை மெதுவாக வரும். அளவை இந்த வாரமே கற்கலாம்.

முதல் சில வேலைகளைக் கறுப்பு வெள்ளையில் மட்டும் செய்யுங்கள். நிறம் இல்லாமல், எழுத்தின் பருமன், தடிமன், இடைவெளி ஆகிய மூன்றை வைத்தே எது முக்கியம் என்று சொல்ல முடியவில்லையென்றால் நிறம் போட்டாலும் சொல்ல முடியாது. சம்பந்தமுள்ளவை அருகருகே, சம்பந்தமில்லாதவை தள்ளி. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் குழப்பமான ஃபார்ம்களில் கேள்வியின் தலைப்பு மேலே உள்ள பெட்டிக்கா, கீழே உள்ள பெட்டிக்கா என்றே தெரியாமல் நடுவில் தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள்.

நிறம் வரும்போது டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை நெறிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு, பெரிய எழுத்துக்கு 3:1. வெளிர்சாம்பல் எழுத்தை வெள்ளைமேல் வைத்து ‘நளினம்’ என்கிற வழக்கம் இதில் அடிபட்டுப்போகும். போகட்டும். பிழையைச் சிவப்பால் மட்டும் காட்டாதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு ஒரு குறியும் ஒரு சொல்லும் வேண்டும். விரலால் தொடும் இடத்துக்கு ஆப்பிள் 44 பாயின்ட் சதுரம் என்கிறது, ஆண்ட்ராய்டு பக்கம் 48 டிபி (இரண்டும் ஸ்க்ரீன் அளவலகுகள்). 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 குறைந்தபட்சமாக 24 பிக்சல் கேட்கிறது.

இன்னொன்று, நிஜ எழுத்தைப் போட்டு வேலை செய்யுங்கள். அர்த்தமில்லாத நிரப்பு வரிகள் எப்போதும் அளவாக உட்காரும். நிஜப் பெயர்கள் உட்காராது. ஆங்கிலத்தில் ஒரே வரியில் நின்ற பட்டன் தமிழில் இரண்டு வரியாகும், நம் எழுத்தின் புள்ளியும் சுழியும் மேலும் கீழும் இடம் கேட்கும். அப்புறம், எல்லாம் நிறைந்த அழகான ஸ்க்ரீனோடு நிறுத்திவிடாதீர்கள். ஒன்றுமே இல்லாத நிலை, ஏற்றிக்கொண்டிருக்கும் நிலை, இணையம் அறுந்த நிலை, தப்பாக நிரப்பிய நிலை எல்லாவற்றையும் வரையுங்கள். உங்களுக்குப் போன் வருவது இந்த நிலைகளில்தானே.

ஃபிக்மாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபிரேம் (ஸ்க்ரீனின் சட்டகம்), ஆட்டோ லேஅவுட், காம்போனென்ட் (திரும்பத் திரும்பப் பயன்படும் துண்டு), ப்ரோட்டோடைப் (அழுத்திப் பார்க்கக்கூடிய மாதிரி) நான்கும் வந்தால் போதும், இலவசக் கணக்கிலேயே பழகலாம். கருவியின் மேல் பாசம் வைக்காதீர்கள். ஒரு காலத்தில் எல்லோரும் ஃபோட்டோஷாப்பில் ஸ்க்ரீன் போட்டார்கள். 2010இல் ஸ்கெட்ச் என்ற மென்பொருள் வந்தது, 2016க்குப் பிறகு ஃபிக்மா பரவியது. ஸ்க்ரீன் மாதிரிகளைக் காட்டப் பலரும் நம்பியிருந்த இன்விஷன் 2024 முடிவில் கடையை மூடிவிட்டது.

ஏஐ

இரண்டு வரி கட்டளை கொடுத்தால் பார்க்கச் சுமாராக இருக்கும் ஸ்க்ரீனை ஏஐ போட்டுத் தருகிறது. ஆகவே, ‘இன்னொருவர் சொன்னதை ஸ்க்ரீனாக்கித் தருவேன்’ என்பது மட்டுமே கைவசம் உள்ள புதியவருக்கு இடம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. இதை மறைத்து உங்களை உற்சாகப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் உங்கள் மேஜையில் உள்ள மூன்று குவியல்களும் அந்தக் கருவிக்குத் தெரியாது. எது பிரச்சினை என்று நீங்கள் கண்டுபிடித்தபின், நாலு வகையாக வரைந்து பார்க்க அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு கண்டிப்பு: வாடிக்கையாளர் பேசியதை, பெயரும் எண்ணுமாக, பொதுவான ஏஐ கருவியில் ஒட்டாதீர்கள். வேலையே போகக்கூடிய தவறு அது.

பயிற்சி நிறுவனமும் கடனும்

நல்ல பயிற்சி கிடைக்குமானால் அது பணத்துக்குத் தகுந்ததே. சொந்தமாகப் படிக்கும்போது கிடைக்காத ஒன்று, அனுபவசாலி ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்து வாராவாரம் குறை சொல்வது. அது அங்கே உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். யார் பார்ப்பார், ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், அவர் இப்போது டிசைன் வேலையில் இருக்கிறாரா? முன்பு படித்தவர்களின் போர்ட்ஃபோலியோக்களைக் காட்டச் சொல்லுங்கள். எல்லோரிடமும் அதே மூன்று கற்பனை ஆப்கள் இருந்தால், ஆளெடுப்பவர்கள் அவற்றை ஏற்கெனவே பார்த்துச் சலித்திருப்பார்கள்.

நூறு சதவீத உத்தரவாதம் என்பதை வாய்வார்த்தையாக ஏற்காதீர்கள். எந்த வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை நாளுக்குள், கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், எந்த நிபந்தனை தவறினால் உத்தரவாதம் ரத்தாகும் என்று எல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மாதம் இத்தனை விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும், வருகிற எந்த வேலையையும் மறுக்கக் கூடாது என்கிற வரிகள் பின்பக்கங்களில் ஒளிந்திருக்கும். கடனில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடன் கொடுப்பவர் வேறு, பாடம் நடத்துபவர் வேறு. படிப்பு பிடிக்காமல் பாதியில் நின்றாலும் தவணை பொதுவாக உங்கள் பெயரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாதியில் விலகினால் கடன் என்னவாகும் என்பதைக் கடன் கொடுப்பவரிடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ‘இன்றைக்குச் சேர்ந்தால்தான் சலுகை’ என்று அவசரப்படுத்தினாலும் அப்படியே. கணவர் தடை போடவில்லை, யோசிக்கச் சொல்கிறார். இந்தப் பட்டியலை அவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

படிப்பு முடிந்து தருகிற சான்றிதழை எதிர்பார்த்துச் சேர வேண்டாம். ஆளெடுக்கும்போது அதை நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போர்ட்ஃபோலியோவுக்குப் போய்விடுவேன். எனக்குத் தெரிந்த டிசைனர்களும் அப்படித்தான்.

போர்ட்ஃபோலியோ

அந்த மூன்று மறுவடிவமைப்புகளையும் எடுத்துவிடுங்கள். அவை மோசம் என்பதல்ல. அந்த ஆப்களை உருவாக்கியவர்களுக்கு என்ன கட்டுப்பாடு இருந்தது, எந்த எண்ணிக்கை அவர்களை அந்த முடிவுக்குத் தள்ளியது என்பது நமக்குத் தெரியாது. அதனால் மாற்றியதற்குக் காரணம் கேட்டால் ‘எனக்கு இப்படிப் பிடித்தது’ என்ற பதில்தான் மிஞ்சும். அந்த இடத்தில் ‘பதிவு ஆனதா’ கதையை ஒரே ஒரு கேஸ் ஸ்டடியாக, அதாவது ஒரு பிரச்சினையைத் தீர்த்த கதையாக, வையுங்கள். என்ன புகார் வந்தது, குவியல்கள் எப்படிப் பிரிந்தன, முதலில் நினைத்த தீர்வு ஏன் சரிவரவில்லை, சோதித்தபோது ஆட்கள் எங்கே தடுமாறினார்கள், அதன்பின் என்ன மாற்றினீர்கள். கைவிட்ட படங்களையும் போடுங்கள். ஆளெடுக்கும்போது நான் தேடுவது அதைத்தான். பிறகு வேறொரு பிரச்சினையில் இன்னொன்று செய்தால் விண்ணப்பிக்கத் தொடங்கலாம்.

இதில் சட்டச் சிக்கல் உண்டு. டிக்கெட்டுகள் நிறுவனத்துக்குச் சொந்தம். வேலையில் சேரும்போது ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், அதை எடுத்துப் படியுங்கள். வெளியில் காட்ட வேண்டுமானால் மேலதிகாரியிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் இதே முறையை நிறுவனத்துக்குத் தொடர்பில்லாத, எல்லோரும் பயன்படுத்தும் ஒரு பொதுச் சேவையில், நீங்களே ஆட்களைத் தேடிச் சோதித்துச் செய்யுங்கள். எழுத்துருக்கள், ஐகான்கள், படங்கள் எந்த உரிமத்தில் கிடைக்கின்றன என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலுக்கு அழைத்தால் சில இடங்களில் பரீட்சை வேலை கொடுப்பார்கள். கற்பனைக் கேள்வி, சில மணி நேர வேலை என்றால் செய்யலாம். தங்கள் சொந்த ஆப்பையே வாரக்கணக்கில் இலவசமாகத் திருத்தித் தரச் சொன்னால், கூலி உண்டா என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே அவர்கள் யார் என்று தெரிந்துவிடும்.

33 வயது தாமதமா என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அது இருக்கிறது. இல்லை. வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் ஒரு வருடத்தில் விண்ணப்பிக்கிற நிலைக்கு வரலாம் என்பது என் கணிப்பு. மூன்று மாதத்தில் ஆகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கடைசியாக, ஆபீசில் இருக்கும் டிசைன் குழு. ‘எனக்கு டிசைன் கற்றுத் தருவீர்களா’ என்று போய் நிற்காதீர்கள். கூச்சம் அங்கேதான் வருகிறது, அவர்களுக்கும் என்ன பதில் சொல்வதென்று தெரியாது. முதலில் சீட்டுகளைப் பிரித்து முடியுங்கள். பிறகு அந்தக் குழுவில் ஒருவருக்கு மட்டும் இப்படி எழுதுங்கள்: “பதிவு ஆனதா என்று கேட்டு வரும் அழைப்புகளைப் பிரித்துப் பார்த்தேன், மூன்று வெவ்வேறு காரணங்கள் தெரிகின்றன. அரை மணி நேரம் கிடைத்தால் காட்டுகிறேன்.” உங்கள் மேலதிகாரிக்கும் ஒரு பிரதி போகட்டும், பின்னால் பேச்சு வராது. பயனர் பக்கத்துச் செய்தி கிடைக்காதா என்று டிசைனர்கள் பொதுவாக ஏங்கிக்கொண்டுதான் இருப்பார்கள், எனவே பதில் வர நல்ல வாய்ப்பு உண்டு. சந்திப்பு நடந்தால், அடுத்த முறை அவர்கள் பயனர்களோடு சோதனை வைக்கும்போது ஓர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்க அனுமதி கேளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் அந்தக் குழுவில் வேறொருவருக்கு எழுதுங்கள்.